மனு எழுதிக் கொடுப்பவன் சொல்கிறேன்

வடசென்னையில் ஒரு எம்எல்ஏ அலுவலகத்துக்கு எதிரே பல வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எந்தத் தொகுதி என்று கேட்காதீர்கள், நான் வியாபாரம் பண்ண வேண்டும். ஆள் மாறியாச்சு, கட்சி மாறியாச்சு, மனு மட்டும் அதேதான். "ஐயா அவர்களுக்கு, வணக்கம்" என்று தொடங்கும் பைல் ஒன்று என் கம்ப்யூட்டரில் எப்போதும் திறந்தே கிடக்கும். பெயரையும் நடுவில் நாலு வரியையும் மாற்றி பிரிண்ட் எடுப்பதுதான் என் வேலை.

திங்கள்கிழமை காலையில்தான் கூட்டம். சாக்கடை அடைப்பு, நின்றுபோன முதியோர் உதவித்தொகை, பட்டா, ஸ்கூல் சீட்டு. கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள் தனி வரிசை. பேத்தி காதுகுத்துக்கு எம்எல்ஏ வரவில்லை என்று ஒருவர் என் கடையில் நின்று அரைமணி நேரம் திட்டினார்.

சாக்கடை சின்ன விஷயம் என்று சொல்ல வரவில்லை, என் கடை வாசலிலேயே தேங்கி நிற்கிறது. ஆனால் மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது, கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்துடையது. எம்எல்ஏ லெட்டர்பேடில் பரிந்துரை எழுதித் தருவார், போன் பண்ணுவார், அவ்வளவுதான். 200 வார்டுக்கும் கவுன்சிலர் இருக்கிறாரே, அங்கே போங்களேன் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்க மாட்டார்கள். 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரித் தேர்தல் வரை சென்னையில் கவுன்சிலரே கிடையாது. அப்போது எம்எல்ஏ வாசலுக்கு நடந்து பழகிய கால் இன்னும் அங்கேதான் போகிறது.

எம்எல்ஏ தன் தொகுதியில் வேலை செய்யத் தருகிற தொகுதி மேம்பாட்டு நிதி வருஷத்துக்கு 3 கோடி. "மூணு கோடி என்னாச்சு?" என்று டீக்கடையில் எல்லோரும் கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். (அதில் கட்டிய பஸ் நிழற்குடையில் பெயர் எழுதக் காட்டும் அக்கறையை அதன் கூரையில் காட்டியிருக்கலாம்.) 234 பேருக்கும் சேர்த்தால் 702 கோடி. அதே 234 பேர் கோட்டையில் உட்கார்ந்து நிறைவேற்றுகிற பட்ஜெட் நாலு லட்சம் கோடிக்கு மேல். அதைப் பற்றிக் கேட்டு ஒரு மனு டைப் அடித்திருப்பேனா என்றால், கிடையாது.

பட்ஜெட் வாசிக்கிற அன்றைக்கு டிவி பார்ப்பதோடு நமக்கு முடிந்துவிடுகிறது. அப்புறம்தான் துறை துறையாக மானியக் கோரிக்கை, அதாவது இவ்வளவு பணம் வேண்டும் என்று சபையில் கேட்பது, வரும். துறை என்ன செய்தது, என்ன செய்யப்போகிறது என்று சொல்லும் கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு புத்தகத்தை எம்எல்ஏக்கள் கையில் கொடுப்பார்கள், அதைப் பிரித்துவைத்துக்கொண்டு குடையலாம். வெட்டுத் தீர்மானம் கொடுத்து, துறைக்குக் கேட்கும் பணத்தில் பெயருக்கு 100 ரூபாயைக் குறைக்கச் சொல்லி, அந்தச் சாக்கில் குறைகளைப் பேசலாம். நம்மவர்களோ கிடைக்கிற சில நிமிஷத்தில் பெரும்பகுதியைத் தலைவர் புகழ் பாடித் தீர்த்துவிட்டு, கடைசியில் அவசர அவசரமாக "எனது தொகுதியில் பாலம் அமைக்க அரசு ஆவன செய்யுமா?" என்று முடிப்பார்கள். நிதிநிலைமைக்கு ஏற்பப் பரிசீலிக்கப்படும் என்று பதில் வரும். மேஜையைத் தட்டுவார்கள்.

மசோதா கதை இன்னும் மோசம். 2023 ஏப்ரல் 21, கூட்டத்தொடரின் கடைசி நாள். எட்டு மணி நேர வேலையைப் பன்னிரண்டு மணி நேரம் வரை நீட்ட வழிசெய்யும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. தொழிற்சங்கங்கள் கொதித்ததும் மூன்றே நாளில் நிறுத்திவைத்தார்கள், மே தினத்தன்று வாபஸ் என்று முதல்வர் அறிவித்தார். அந்தப் பத்து நாளும் என் கடை முன்னால் இதே பேச்சுதான். பாதிப் பேர் எண்ணூர், அம்பத்தூர் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள். ஆனால் ரோட்டைத் தாண்டிப் போய், "அண்ணே, நீங்க ஆம் சொன்னீங்களா, இல்லைன்னு சொன்னீங்களா?" என்று ஒருத்தரும் கேட்கவில்லை. குரல் வாக்கெடுப்பில் யார் என்ன சொன்னார் என்று தனித்தனியாகப் பதிவாவதில்லை. நேரில் கேட்டால்தான் உண்டு. நானும் கேட்கவில்லை, கல்லாவை விட்டு எழுந்திருக்கவில்லை.

இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு அம்மா வித்தியாசமாக வந்தார். சத்துணவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2022 ஜனவரியிலிருந்து கேள்வி நேரம் நேரலையில் வருகிறதல்லவா, அதை விடாமல் பார்ப்பாராம். தன் பேரன் படிக்கிற பள்ளிக்குக் கட்டடம் இந்த வருஷமே வரும் என்று சபையில் அமைச்சர் பதில் சொன்னதைத் தேதியோடு நோட்டில் எழுதி வைத்திருந்தார். வருஷம் இரண்டாகிவிட்டது. "சபையில சொன்ன வாக்கைப் பார்க்கிறதுக்கு உறுதிமொழிக் குழுன்னு ஒண்ணு இருக்கு தம்பி. அதுக்கு எழுதச் சொல்லி இவருக்கு ஒரு மனு அடி" என்றார். என் பழைய பைல் உதவவில்லை, முதல் வரியிலிருந்து புதிதாக அடித்தேன்.

பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தார். எம்எல்ஏ இல்லையாம். உதவியாளர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "சீட்டா, பென்ஷனாம்மா?" என்று கேட்டு பைலில் சொருகிக்கொண்டாராம்.

"இன்னும் ரெண்டு காப்பி எடு தம்பி" என்றார். "அடுத்த திங்கள் அவர் கையிலயே குடுக்கிறேன்."