பக்கத்து இருக்கையின் பாதிப் பேச்சு

சுவரும் தடுப்பும் இல்லாத அலுவலகங்களைப் பற்றி வெகுநாளாக எழுத நினைத்தேன். அந்த அமைப்பு மென்பொருள் பொறியாளர்களின் வேலையைக் கெடுக்கிறது என்பது பலருக்கும் தெரியும். நன்றாக வேலை செய்ய வேண்டும் என்ற ஆசையையே அது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துவிடுகிறது என்பதுதான் என் வருத்தம்.

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் எந்த ஐ.டி. வளாகத்துக்குள் நுழைந்தாலும் ஏறக்குறைய ஒரே காட்சிதான். நீண்ட மேசைகள், நெருக்கமாக நாற்காலிகள், நடுவில் பெயருக்கு ஒரு தடுப்பு. கொரோனாவுக்குப் பிறகு எல்லோரையும் திரும்ப அழைத்தபோது பல நிறுவனங்களில் சொந்த இருக்கை என்பதும் போய்விட்டது. காலையில் வந்து எது காலியோ அதில் உட்கார வேண்டும். ஒரு பக்கம் விற்பனைப் பிரிவு, மறுபக்கம் ஆள்சேர்ப்புப் பிரிவு. நாள் முழுவதும் தொலைபேசியில் பேசுவதுதான் அவர்கள் வேலை. அவர்கள்மேல் எந்தக் குறையும் இல்லை. பக்கத்தில் உட்கார வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

"பஸ்ஸில் உட்கார்ந்துகூடப் படிக்கிறார்களே, உங்களுக்கு மட்டும் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். பஸ் இரைச்சலும் ஏ.சி. ஓசையும் சற்று நேரத்தில் காதுக்குப் பழகிவிடும். புரிகிற பேச்சு அப்படிப் பழகாது. அதிலும் ஒரு முனை மட்டும் கேட்கும் பேச்சு இருக்கிறதே, அது படுத்தி எடுத்துவிடும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். இருவர் பேசுவதை முழுதாகக் கேட்டவர்களைவிட, ஒருவர் பேசுவதை மட்டும் கேட்டவர்களே கவனம் தேவைப்படும் வேலைகளில் அதிகம் தடுமாறினார்கள். அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க முடியாத பேச்சு கவனத்தை இழுத்துக்கொண்டே இருக்கிறது. ஹெட்செட் மாட்டிக்கொண்டு வாடிக்கையாளர்களோடு பேசும் பலருக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவரின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

பணம் செலுத்தும் செயலி ஒன்றில் எப்போதாவது ஒரே தொகை இரண்டு முறை கழிந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே கட்டணத்துக்கான கோரிக்கை இருமுறை வந்திருக்கிறது. 'ஏற்கெனவே செலுத்தியாகிவிட்டதா?' என்று முதல் கோரிக்கை பார்க்கிறது, இல்லை. அது பதிவு செய்வதற்குள் இரண்டாவதும் வந்து பார்க்கிறது. அதற்கும் இல்லை என்றே பதில். ஒரு கோரிக்கை முடியும்வரை மற்றதைக் காக்க வைக்கும் பூட்டு நிரலின் எந்த வரியில் விழுகிறது, எந்த வரியில் திறக்கிறது, நடுவில் பிழை நேர்ந்தால் என்ன ஆகும், இத்தனையையும் ஒருசேர மனதில் நிறுத்தினால்தான் ஓட்டை கண்ணில் படும். சரியாக அந்த நேரத்தில் பின்னாலிருந்து ஒரு குரல்: "நான் பேசுவது கேட்கிறதா? திரை தெரிகிறதா?" கட்டி வைத்தது அத்தனையும் சரிந்துவிடுகிறது. மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்க வேண்டும்.

எத்தனை முறைதான் தொடங்குவார் ஒருவர்?

கேரி எவன்ஸ், டானா ஜான்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. 40 பெண் எழுத்தர்களில் ஒரு பகுதியினரை அமைதியான சூழலிலும் மற்றவர்களைத் திறந்த அலுவலகத்தின் மிதமான சத்தத்திலும் 3 மணி நேரம் வேலை செய்ய வைத்தார்கள். சத்தத்தில் இருந்தவர்களின் உடலில், அழுத்தத்தின்போது சுரக்கும் அட்ரினலின் கூடியிருந்தது. பிறகு விடையே இல்லாத புதிர்களைக் கொடுத்தபோது அவர்கள் குறைவான முறையே முயன்றார்கள். ஆனால் மன அழுத்தத்தைப் பற்றிக் கேட்டபோது இரு குழுவினரின் பதிலிலும் வேறுபாடு தெரியவில்லை. மனிதவளத் துறை ஆண்டுதோறும் அனுப்பும் கருத்துக் கணிப்புப் படிவத்தில் இந்தச் சேதம் ஏன் தெரிவதில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பிழையின் வேரைத் தேடுவதை விட்டுவிட்டு, மேலே ஒரு ஒட்டுப் போட்டு அனுப்பும் பழக்கம் இப்படித்தான் வருகிறது. சோதனையில் அது தேறிவிடும், யாரும் திட்டமாட்டார்கள். அக்கறையுள்ளவர்கள் மாலை ஏழு மணிக்கு மேல் தளம் காலியான பிறகு உண்மையான வேலையைத் தொடங்குகிறார்கள். அதற்கு அர்ப்பணிப்பு என்று பாராட்டு வேறு கிடைக்கிறது. வீட்டில் குழந்தை காத்திருக்கும் பெண்ணால் அப்படி இருக்க முடியாது. ஆண்டு மதிப்பீட்டில் அவர் பின்தங்குகிறார். இது அநியாயம்.

எல்லோரும் கலந்து பழகத்தான் இந்த ஏற்பாடு என்கிறார்கள். ஹார்வர்டைச் சேர்ந்த ஈதன் பெர்ன்ஸ்டைனும் ஸ்டீபன் டர்பனும் இரண்டு பெரிய நிறுவனங்களில் ஊழியர்களுக்கு உணர்கருவி மாட்டி அளந்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். திறந்த அமைப்புக்கு மாறிய பின் நேருக்கு நேர் பேசுவது சுமார் 70 விழுக்காடு குறைந்து, மின்னஞ்சல் கூடியிருந்தது. ஒளிய இடமில்லாதபோது மனிதர்கள் ஹெட்போனுக்குள் ஒளிந்துகொள்கிறார்கள். அந்த ஹெட்போனும் விமான இரைச்சல் போன்ற சீரான ஒலியை அடக்கும் அளவுக்கு மனிதக் குரலை அடக்குவதில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சர்வர் செயலிழந்த நேரத்தில் ஒரே மேசையைச் சுற்றி நிற்பதுபோல் வசதி வேறில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் மூத்தவர்களின் பேச்சைக் காதில் வாங்கியே நிறையக் கற்கிறார்கள். அதற்கு ஒரு மூலை போதும். முழுத் தளமும் தேவையில்லை.

தனி அறை கேட்டால் சதுர அடி வாடகைக் கணக்கைக் காட்டுவார்கள் என்று தெரியும். செலவே இல்லாதவற்றையாவது செய்யலாம். தொலைபேசியில் பேசும் பிரிவுகளை வேறு தளத்துக்கு மாற்றுங்கள். மேலாளர்களின் பெயரில் முன்பதிவாகி வெறுமனே கிடக்கும் சிறு கூட்ட அறைகளைப் பொறியாளர்களுக்கு அரை நாள் கொடுங்கள். காலையில் இரண்டு மணி நேரம் எந்தக் கூட்டமும் வைக்காதீர்கள். மேலாளர்களாக இருக்கும் நண்பர்கள், உங்கள் குழுவில் மாலை ஏழுக்கு மேல் தங்குபவரிடம் ஏன் தங்குகிறார் என்று இந்த வாரமே கேட்டுப் பாருங்கள்.