99.95 என்பது புள்ளி அல்ல

மெல்பேர்ணில் பல்கலைக்கழக அனுமதிக்கான ஏடிஏஆரில் (ATAR) 99.95 எடுக்க எல்லாப் பாடத்திலும் முழுப் புள்ளி வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள், அண்ணா. தவறு. ஏடிஏஆர் என்பது புள்ளியே அல்ல. வயதொத்தவர்களுக்குள் ஒருவர் நிற்கும் இடம். 0.05 படிகளில் ஏறும், 99.95தான் உச்சி, 100 கிடையாது.

விக்டோரியா மாநிலத்தில் ஒரு பாடத்துக்கு உச்சம் 50. ஆனால் லத்தீன், சிறப்புக் கணிதம் போன்றவை, பாடத்தின் போட்டிக்கேற்பப் புள்ளியைக் கூட்டிக் குறைக்கும் தரப்படுத்தலில், 50ஐயும் தாண்டிவிடும். ஒருவரின் இடத்தைத் தீர்மானிக்கும் கூட்டுத்தொகையில் ஆங்கிலமும் சிறந்த மூன்று பாடங்களும் முழுதாகச் சேரும். ஐந்தாவது, ஆறாவது பாடங்களில் 10 சதவீதம் மட்டுமே. ஆகவே ஒன்றிரண்டில் சற்றுச் சறுக்கினாலும் உச்சியைத் தொடலாம்.

கொழும்பில் உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியோடு (சராசரியிலிருந்து ஒருவர் எவ்வளவு விலகி நிற்கிறார் என்ற கணக்கு) மல்லுக்கட்டிய நமக்கு இது விளங்காததா? இங்கே அதற்குப் பிறகும் பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு வேறு காத்திருக்கும். அந்தத் தலைவலி அவர்களுக்கு இல்லை.