மேசை ஏறுகிறது, வயர் ஏறவில்லை

20 வருடமாக உழைத்த தேக்கு மேசைக்கு, முதுகுவலி தாங்காமல், மோட்டாரில் ஏறி இறங்கும் கால்களைப் பூட்டினேன். 72 சென்டிமீற்றரிலிருந்து 118 வரை உயர்கிறது. கணினிப் பெட்டி தரையில் இருந்தால் வயரும் அந்த 46 சென்டிமீற்றர் கூடுதலாக வேண்டும் என்று விற்றவர் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நேற்றுப் பொத்தானை அழுத்தினேன். பழைய திரையின் வயர் விண்ணென்று இழுபட்டுக் கழன்றது. முனையில் மூன்று ஊசிகள் வளைந்து கிடந்தன. வயிறு எரிந்தது.

வெள்ளவத்தையிலிருந்து பஸ் பிடித்து, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வெயிலில் அலைந்து நீள வயர் வாங்கிவந்தேன். மேசையை உயர்த்திப் பொருத்திக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போய்விட்டது. இப்போது நெஞ்சளவில் நிற்கிறது. கையால் இறக்கவும் வழியில்லை. மடிக்கணினியை வைத்தால் கதிரையிலிருந்து எட்டவில்லை. காலையில் கணக்கறிக்கை அனுப்பியாக வேண்டும்.