அப்படியே எடுத்தால் போதுமா?

காமிக்ஸில் உள்ளதை ஒரு வரி மாற்றாமல் எடுத்தால்தான் அனிமேஷன் படம் தேறும் என்கிறது, பேட்மேன் படங்களைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு உடன்பாடில்லை. 2010இல் வந்த ‘பேட்மேன்: அண்டர் தி ரெட் ஹூட்’ படத்தையே பாருங்கள். பேட்மேனுக்குத் துணையாக ராபின் வேடத்தில் இருந்து செத்துப்போன ஜேசன் டாட் எப்படித் திரும்பி வந்தான்? காமிக்ஸில், வேறொரு உலகத்துச் சூப்பர்மேனான சூப்பர்பாய்-பிரைம் எங்கிருந்தோ குத்திய குத்தில் யதார்த்தமே ஆட்டம்கண்டு, இவன் சவப்பெட்டிக்குள் உயிர்த்தெழுவான். (படிக்கும்போதே தலை சுற்றும்.) படத்தில் அதைத் தூக்கிக் கடாசிவிட்டு, பேட்மேனின் எதிரி ராஸ் அல் கூல், ஜேசனின் உடலைச் செத்தவரை எழுப்பும் லாசரஸ் குளத்தில் இறக்குவதாக மாற்றினார்கள். இப்போது காமிக்ஸ் பக்கமே போகாதவருக்கும் புரிகிறது. திரைக்கதையில் இதைச் செய்தவர் வேறு யாருமல்ல, அந்தக் காமிக்ஸை எழுதிய ஜட் வினிக்கேதான்!

அதற்காக இஷ்டத்துக்கு ஒட்டுப்போடுவதும் சரியில்லை. ‘தி கில்லிங் ஜோக்’ என்ற பேட்மேன் காமிக்ஸ் சின்னப் புத்தகம். 2016 படத்தில் அதற்கு முன்னால் பேட்மேனின் கூட்டாளியான பேட்கேர்ளுக்குத் தனியாக ஒரு கதையைச் சேர்த்தார்கள். அது முடிந்து, வில்லன் ஜோக்கர் வரும்போது வேறு படத்துக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறது. அப்புறம், ‘தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்’ காமிக்ஸ் இரண்டு பாகப் படமாக வந்தும், அதிலிருந்த பேட்மேனின் மனக்குரலை விட்டுவிட்டார்களே, அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே?