சிகரெட்டை விட்டால் எடை கூடி மாரடைப்பு வருமா?

"நாற்பது வயதுக்கு மேல் சிகரெட்டை விட்டால் உடம்பு பெருத்து மாரடைப்பு வரும், விடாமல் இருப்பதே நல்லது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு, ஆபத்தானதும்கூட.

எடை கூடுவது உண்மைதான். நிகோடின் பசியை அடக்கும், உடல் செலவழிக்கும் ஆற்றலைச் சற்று கூட்டும். அது நின்றதும் பசி திரும்புகிறது, நாக்குக்கு ருசியும் தெரிகிறது. 2012இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பாய்வின்படி ஓராண்டில் சராசரியாக 4 முதல் 5 கிலோ ஏறுகிறது, பெரும்பாலும் முதல் 3 மாதங்களில். சுமார் 16 சதவீதம் பேருக்கு எடை குறைந்தே இருக்கிறது. இதைச் செய்தி சொல்வதில்லை.

மாரடைப்பு விஷயத்தில்தான் அது தலைகீழாகப் பேசுகிறது. 2018இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் வெளியிட்ட ஆய்வில், எடை கூடியவர்களுக்கு நீரிழிவு அபாயம் சில ஆண்டுகள் உயர்ந்திருந்தது. ஆனால் 10 கிலோவுக்கு மேல் ஏறியவர்கள்கூட, தொடர்ந்து புகைத்தவர்களைவிட இதயநோயால் இறந்தது மிகக் குறைவு. உலக சுகாதார நிறுவனத்தின் இணையதளத்திலும் புகையை விடுவதன் பலன்களைப் பார்க்கலாம்.

தயவுசெய்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். விட நினைக்கும் ஒருவர் அதை நம்பித் தயங்கக்கூடும்.

விட்ட புதிதில் கடும் பத்தியம் வேண்டாம். இரண்டு போராட்டத்தை ஒரே நேரத்தில் தாங்குவது கடினம். தினமும் வேகநடை, வாய் பரபரக்கும்போது தண்ணீர் அல்லது காய்த்துண்டு போதும். நிகோடின் சூயிங்கம் எடை ஏறுவதைத் தள்ளிப்போடலாம், மருத்துவரிடம் கேளுங்கள். நீரிழிவு இருப்பவர்கள் சர்க்கரை அளவையும் அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும்.