மழை கழுவாது: சிலை பார்க்க நாயோடு போகிறவர்களுக்கு

"மழைதான் பெய்யுதே, கழுவிட்டுப் போயிடும்." சிலை மேல் நாய் காலைத் தூக்கும்போது உரிமையாளர்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம் இது. தவறு. ஹட்டன், நுவரெலியா பக்கத்துத் தூறலும் பனிமூட்டமும் மேற்பரப்பை நாள்கணக்கில் ஈரமாகவே வைத்திருக்கும். துருவுக்கு அதுதான் வசதி.

நம்ம மலையகத்துச் சந்திகளிலும் ஹோட்டல் தோட்டங்களிலும் நிற்கும் சிலைகளில் பல, கம்பி கட்டி சீமெந்து பூசியவை. மூத்திரத்தின் உப்பு மயிரிழை வெடிப்பு வழியாக இறங்கிக் கம்பியைத் தொட்டால் துரு கிளம்பும். துருவுக்கு இரும்பை விட அதிக இடம் வேண்டும். அதனால் சீமெந்து உள்ளிருந்தே பிளந்து உதிரும். மேலே பெயின்ட் அடித்தால் கொஞ்ச நாள் மறையும், அவ்வளவுதான். வெண்கலத்தில் அமோனியா செம்போடு சேர்ந்து நிறத்தைக் கெடுக்கும், உப்பு பச்சைப் பொடியாக அரிக்கும். ஒரு நாய் பெய்த மூலையை அடுத்த நாயும் விடாது என்பதால் சேதம் எப்போதும் பீடத்தின் ஒரே இடத்தில்.

உள்ளே போகுமுன் ரோட்டோரப் புல்லில் பத்து நிமிடம் நடத்துங்கள். கடுவன் அப்படியும் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கும். ஆகவே ஒன்றரை மீட்டர் சாதாரண வார் போதும். இழுத்தால் நீளும் வகை பீடத்தைச் சுற்றிச் சிக்கும். சிலைக்கும் நாய்க்கும் நடுவில் நீங்கள் நடங்கள். மீறிப் பெய்துவிட்டால் உடனே ஒரு லீட்டர் வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். சவர்க்காரம், தேசிக்காய், பிரஷ் எதுவும் வேண்டாம். வெண்கலத்தின் மெழுகுப் பூச்சு போய்விடும்.

இங்கிலாந்தின் யோர்க்‌ஷயர் சிற்பப் பூங்கா 1977இல் திறந்தது. அங்கும் மழைதான், ஆனால் வார் போட்ட நாய்க்கு வெளியில் இடமுண்டு. இங்கே "நாய்க்கு அனுமதியில்லை" பலகை பெருகினால் பாதிப் பழி நம்முடையது. பண்டாரவளைக்குப் பக்கத்து தோவ விகாரையில் முடிக்கப்படாத 38 அடி புத்தர் சிலை இருக்கிறது. அது வழிபாட்டிடம், நாயோடு போகும் திட்டத்தில் அதைச் சேர்க்காதீர்கள். ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்கா, அங்கும் நாய்க்கு இடமில்லை.

இந்த ஈரத்தில் அட்டையும் உண்டு. நாயை அட்டை கடித்தால் உப்போ நெருப்போ வைக்காதீர்கள், அது காயத்துக்குள்ளேயே கக்கும். அட்டையின் ஒல்லியான முனைக்கடியில் நகத்தைத் தள்ளி எடுங்கள். இரத்தம் சற்று நேரம் கசியும், சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் நிற்கும். நாயின் கால்விரல் இடுக்கு, காது, இமை பாருங்கள். பீலி, ஓடைத் தண்ணீரைக் குடிக்க விடாமல் வீட்டுத் தண்ணீர் கொண்டு போங்கள்: குடிக்கும்போது குட்டி அட்டை மூக்குக்குள் ஏறிவிடும். சில நாட்கள் கழித்துத் தும்மலும் ஒரு பக்க மூக்கில் இரத்தமும் வந்தால் நீங்களே குடையாமல் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.