விழா மலரில் கொஞ்சம் இடம் கொடுங்கள்

எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு நூற்றாண்டு விழா எடுக்கிறார்கள். மலருக்கான 'பள்ளி வரலாறு' வாட்ஸ்அப்பில் வந்தது. இடம் கொடுத்தவர், தலைமை ஆசிரியர்கள் பட்டியல், கட்டடம் திறந்த எம்.எல்.ஏ.க்கள். அவ்வளவுதான். படித்த பிள்ளை ஒன்றுகூட இல்லை.

இதில் 'ஊராட்சி ஒன்றியப் பள்ளியாகத் தொடங்கப்பட்டது' என்று வேறு போட்டிருக்கிறார்கள். ஊராட்சி ஒன்றியமே 1958 பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பிறகு வந்ததுதானே ஐயா! அதற்கு முன்னால் இந்தப் பள்ளிகளை நடத்தியது ஜில்லா போர்டு. என் பெரியப்பா இன்றைக்கும் 'போர்டு ஸ்கூல்' என்றுதான் சொல்வார். அதையாவது திருத்திவிடுங்கள்.

உண்மையான வரலாறு பீரோவில் கிடக்கும் சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கிறது என்பது என் கட்சி. ஒரு சான்றிதழ் வேலையாகப் போனபோது பழையது ஒன்றைப் புரட்டிப் பார்க்க விட்டார்கள். பைண்டிங் விட்டுப்போய், ஓரமெல்லாம் செல்லரித்திருந்தது. பிறந்த தேதிக் கட்டம் முழுக்க மே, ஜூன், மே, ஜூன். ஊரே கோடையிலா பிறந்தது? பிறப்புச் சான்றிதழ் யாரிடமும் கிடையாது. வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது முடிந்தது என்று வாத்தியார் ஒரு தேதி போட்டுக்கொள்வார். அப்புறம் எஸ்.எஸ்.எல்.சி., வேலை, ஓய்வு, பென்ஷன் எல்லாம் அவர் போட்ட தேதிப்படிதான்.

அடுத்த கட்டம் தகப்பனார் தொழில்: கூலி, கூலி, விவசாயம், சலவை, கூலி. கடைசிக் கட்டம், விலகிய காரணம். மூன்றாம் வகுப்போடு நின்ற பெண்பிள்ளைகளுக்கு நேரே 'வீட்டு வேலை' என்று ஒரே கையெழுத்தில் வரிசையாக. அந்தப் பக்கத்தைத் திருப்ப எனக்கு மனசே வரவில்லை.

1953இல் ராஜாஜி கிராமப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதிப் பொழுதில் அப்பன் தொழிலைக் கற்கச் சொன்னார். 1954இல் காமராஜர் வந்ததும் அந்தத் திட்டம் போயிற்று. இதை வைத்து இன்னமும் மேடை மேடையாக வாதாடுகிறோம். சரி, அந்தச் சமயத்தில் நம் ஊரில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் நின்றார்கள்? 1956 மதிய உணவு, 1982 சத்துணவு வந்தபோது சேர்க்கை கூடியதா? பீரோவைத் திறந்து எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

குழுவில் சொன்னேன். "அதில் சாதிக் கட்டம் இருக்கிறது தம்பி, வம்பு வரும்" என்றார் ஒருவர். பெயர் போட வேண்டாம், எண்ணிக்கை போதும். காலனித் தெருவிலிருந்து முதல் பிள்ளை எந்த வருடம் உள்ளே வந்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. அது தெரியவே வேண்டாம் என்பவர்களும் குழுவில் இருக்கிறார்கள், அது வேறு விஷயம்.

இன்றைய பிள்ளைகளின் விவரமெல்லாம் எமிஸ் என்கிற கல்வித் துறைக் கணினிப் பதிவில் ஏறிவிடுகிறது. பழசு கரையானுக்குத்தான். தலைமை ஆசிரியர் அனுமதித்தால் செல்போனிலேயே பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவிடலாம், நான் வருகிறேன். மலரில் வாழ்த்துச் செய்திகளைப் பாதியாகக் குறைத்தால் இடமும் கிடைக்கும். பிரமுகர்கள் படம் கொஞ்சம் சிறிதாகப் போகும், பரவாயில்லை.